வாலு சொன்ன ‘நீங்க’

பிரியமுள்ள மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம், என் முழங்காலை மட்டும் அதில் சேர்க்காதே. வேலைக்குப் போன ஊரில் நீ வேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன்.

போன ஞாயிறு போனில் உன் மகள், நம் வாலு, உன்னை ‘நீங்க’ என்றாள். பெற்ற பிள்ளைக்கே விருந்தாளி ஆகிவிட்டேன் என்று மறுநாள் உன் அம்மாவிடம் அழுதாயாம். ‘நீ, வா, போ’ என்று உன் கழுத்தில் தொங்கிக் கிடந்தவள்தானே, எனக்கும் மனசு ஆறவில்லை. நான்தான் சொல்லிக் கொடுத்தேன் என்று உன் அம்மா முறைத்தாள். சத்தியமாக இல்லை, எனக்கு அவள் தருகிற மரியாதை உனக்குத் தெரியாததா.

ஒன்பது வயசில் ஆளே மாறிக்கொண்டு வருகிறாள். முன்பெல்லாம் ஸ்கூல் கதையை வாசலிலேயே கொட்டிவிடுவாள், இப்போது என்னடா ஆச்சு என்றால் ‘சும்மா’ என்கிறாள். பக்கத்து பெஞ்சுத் தோழி பேசாவிட்டால் சோறு இறங்குவதில்லை, பேசிவிட்டால் கால் தரையில் பாவுவதில்லை. சாயங்காலம் என் கண்ணாடிக் கடைக்கு வந்து, பவர் பார்க்கிற லென்ஸ்களை ஒவ்வொன்றாகக் கண்ணில் வைத்துத் தெருவைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். நேற்று மழை விட்ட நேரம், நானும் ஒன்றை வைத்துப் பார்த்தேன். பஸ்ஸும் குடைகளும் கரைந்து வெறும் நிறமாக மிதந்தன, எதிரே வருகிற ஒவ்வொரு பெண்ணும் நீதானோ என்றிருந்தது. அப்போதுதான், லென்ஸை எடுக்காமலே வாலு சொன்னாள், “நீ வளர்ந்ததும் வந்துடுறேன்னு அம்மா சொன்னாளே தாத்தா. வளர்ந்தவங்க ‘நீங்க’ன்னுதானே பேசுவாங்க? நான் வளர்ந்துட்டேன்னு அம்மாவுக்குத் தெரிய வேணாமா?”

துடைத்த லென்ஸையே திரும்பத் திரும்பத் துடைத்தேன். கிளம்புகிற அவசரத்தில் வாய்க்கு வந்ததைச் சொல்லியிருப்பாய், உன்னைக் குறை சொல்லவில்லை. ஆனால் பிள்ளை அதையே பிடித்துக்கொண்டு வயசைத் துரத்துகிறாள். அதனால் வருகிற ஞாயிறும் ‘நீங்க’ என்றால் கலங்காதே, திருத்தவும் வேண்டாம். எந்த மாசம் லீவு கிடைக்கும் என்று உள்ளதைச் சொல். நீ வளர்ந்தாலும் வளராவிட்டாலும் அம்மா வருவேன் என்று சொல்.

கண் பவரைப் பார்த்து ஒரு வருஷமாகிறது, மறக்காமல் பார்த்துக்கொள், கண்ணாடிக்காரன் மகள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு திரிந்தால் எனக்குத்தான் அவமானம். எந்தக் குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும். வாலு கீழே இடம் விடச் சொல்லியிருக்கிறாள், நான் படிக்கக் கூடாதாம், விட்டிருக்கிறேன்.

என்றும் உன் நினைவாக இருக்கும்
அப்பா

அன்புள்ள அம்மாவுக்கு, நீங்கள் நலமா? நான் நலம். நான் நன்றாக வளர்ந்துவிட்டேன்.

அம்மா, சீக்கிரம் வா.