ஓசைப்படாத கீபோர்டு

பிப்ரவரி 4

என் வாயாடிக்கு,

நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய், இல்லாவிட்டால் இந்நேரம் ஊரைக் கூட்டியிருப்பாய்.

போனில் பேசினால் உடனே சண்டை வருகிறது, கொஞ்ச நாளைக்குக் கடிதம் எழுதிக்கொள்வோம் என்று சொல்லிவிட்டுப் போனவள் நீ. அந்தத் தையற்கடை மாடியில் அறை எடுத்து நீ தங்கிப் பல மாதமாகிறது. நான் ஒரு வரிகூட எழுதவில்லை. எழுத விஷயம் இல்லாமல் இல்லை, எப்படி ஆரம்பிப்பது என்றுதான் தெரியவில்லை. இப்போது எங்கள் ஆஸ்பத்திரிக்காரர்களே ஒரு சாக்கு கொடுத்திருக்கிறார்கள்.

வார்டில் ராத்திரி டியூட்டி பார்க்கிற நாங்களும் இனி எல்லாக் குறிப்பையும் கம்ப்யூட்டரில்தான் அடிக்க வேண்டுமாம். நான் இரண்டு விரலால் தேடித் தேடிக் குத்துவதைப் பார்த்து ஹெட் நர்ஸ் அம்மா, "என்னப்பா இது, கோழி தீனி பொறுக்குற மாதிரி இருக்கு" என்றார். மொத்த வார்டும் சிரித்தது. நூல் மாதிரி நரம்பிலும் முதல் குத்திலேயே ஊசி ஏற்றுகிறவன் நான், எனக்கு இந்த நிலைமை. மானம் போகிறது.

வீட்டில் பழகலாமென்றால் உருப்படியாக ஒரு கீபோர்டு இல்லை. உன்னுடையதை நீ கையோடு கொண்டுபோய்விட்டாய். உனக்குத்தான் அதெல்லாம் அத்துப்படி. நீ வைத்திருக்கிற வகையிலேயே சின்னதாக, விலை அதிகமில்லாமல், கற்றுக்குட்டிக்கு ஏற்றதாக ஒன்று சொல்லேன்.

வேளைக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
தூங்குமூஞ்சி


பிப்ரவரி 11

பெருமதிப்புக்குரிய தூங்குமூஞ்சி அவர்களுக்கு,

உறையில் உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் பிரிக்காமல் மேஜையில் வைத்துவிட்டேன். வக்கீலைப் பார்த்துவிட்டீர்களோ என்று நினைத்தேன். பிரித்துப் பார்த்தால் கீபோர்டு! நான் சிரித்த சிரிப்பில் கீழே தையல் மெஷினே நின்றுவிட்டது. "என்னம்மா ஆச்சு?" என்று தையற்காரர் குரல் கொடுத்தார்.

பகலில் தூங்குகிறவர் நீங்கள், பகலில் தட்டுகிறவள் நான். அந்தச் சத்தத்தில்தானே ஒரு வீடு இரண்டு வீடானது. என்னிடமே வந்து அதே சாமானுக்கு யோசனை கேட்கிறீர்களே, உங்களுக்குத் தைரியம் ஜாஸ்திதான்.

சரி, கேட்டுவிட்டீர்கள். இனி நிறுத்த மாட்டேன்.

வலப்பக்கம் இருக்கும் எண்களின் கூட்டத்தையும் மேல் வரிசையையும் வெட்டி எறிந்துவிட்ட சின்னக் கீபோர்டாகப் பார்த்து வாங்குங்கள். குறைந்துபோனது என்று கவலை வேண்டாம். ஒரு விசையை அழுத்திப் பிடித்தால் போதும், காணாமல்போனதெல்லாம் மற்ற விசைகளிலிருந்து எட்டிப் பார்க்கும். கை அலையாது, தோள் வலிக்காது. ஒரு ஜோடி நல்ல செருப்பு வாங்கும் காசுக்குள் இப்போது அருமையானவை வருகின்றன. முன்பெல்லாம் இது பணக்காரப் பைத்தியம். இப்போது நம்மைப் போன்றவர்களும் பைத்தியமாகலாம்.

ஒன்றை மட்டும் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு விசைக்கும் அடியில் தனித்தனியாக ஒரு சுவிட்ச் இருக்கும். அதை ஈயத்தால் பற்றவைக்காமல் கையாலேயே பிடுங்கி மாட்டுகிற மாதிரி இருக்க வேண்டும். அப்போதுதான் பிடிக்கவில்லையென்றால் மாற்றலாம். வழுக்கிக்கொண்டு இறங்கும் சுவிட்ச் உண்டு. பாதி வழியில் லேசாகத் தடுக்கி, 'ஆயிற்று' என்று விரலுக்குச் சொல்லும் சுவிட்ச் உண்டு. என்னுடையது டக் என்று வாய்விட்டுப் பதில் சொல்லும் ரகம். நீங்கள் நடுவில் உள்ளதில் தொடங்குங்கள். எந்த விசை எந்த எழுத்து என்பதைக்கூட நம் இஷ்டத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். உள்ளங்கை அகலத்தில் இவ்வளவு சௌகரியத்தை யோசித்து வைத்தவர்களை நினைத்தால் எனக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

அறைக்காரம்மா அடுத்த வருஷமும் இருக்கப்போகிறேனா என்று கேட்கிறார். மார்ச் முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும். நீங்கள் கேட்கவில்லை, நானாகத்தான் சொல்கிறேன்.

உங்கள்,
வாயாடி


பிப்ரவரி 25

வாயாடிக்கு,

இது நானே பத்து விரலாலும் அடித்தது. நேரம் எவ்வளவு ஆனது என்று மட்டும் கேட்காதே.

பெட்டி வந்தது. நான் கடையில் செய்த முழுக் கீபோர்டு வருமென்று நினைத்தேன். வந்தது வெறும் தட்டு, ஒரு டப்பா நிறைய சுவிட்ச், ஒரு பை நிறைய விசை மூடி. அடிப்பாவி, நானே கோர்க்க வேண்டும் என்று ஒரு வார்த்தை சொன்னாயா?

எழுந்து குளித்ததும் சமையலறை மேஜையில் ஆபரேஷன் தியேட்டர் மாதிரி வெள்ளைத் துணி விரித்து உட்கார்ந்தேன். என் பொறுமை உனக்குத் தெரியுமே, குழாய் ஒழுகினாலே கத்துகிறவன். ஆனால் இது என்ன மாயமோ! சுவிட்சை நேராக வைத்து அழுத்தினால் 'களுக்' என்று போய் உட்கார்கிறது. அந்தச் சுகத்துக்காகவே அடுத்ததை எடுக்கிறோம். பழுப்பு மூடியும் வெள்ளை மூடியும் வாங்கியிருந்தேன். போட்டு முடித்ததும் எழுந்துபோய்க் கதவருகே நின்று பார்த்தேன், அப்புறம் ஜன்னல் பக்கம் நின்று பார்த்தேன். மனைவி இல்லாத வீட்டில் ஒரு மனுஷன் கீபோர்டை ரசித்துக்கொண்டு நிற்கிறான். அக்கம்பக்கத்தார் பார்த்திருந்தால் என்னைத்தான் வார்டில் சேர்த்திருப்பார்கள்.

ஒரு குறை. ஒரே ஒரு விசை மட்டும் என்ன அழுத்தினாலும் அசைகிறதே தவிர எழுத்து விழவில்லை, இந்தக் கடிதத்தில் அதைப் பேனாவால் நிரப்பியிருக்கிறேன். தட்டே பழுதா?

உன் வேலையெல்லாம் எப்படிப் போகிறது?

தூங்குமூஞ்சி


மார்ச் 3

தூங்குமூஞ்சிக்கு,

தட்டில் பழுதில்லை. அந்தச் சுவிட்சைப் பிடுங்கித் திருப்பிப் பாருங்கள். அடியில் மெல்லிய செம்புக் கால்கள் இருக்கும். ஒன்று மடங்கிப் படுத்திருக்கும். புதிதாகக் கோர்க்கிறவர்கள் எல்லாரும் செய்கிற தப்பு இது. நீங்கள் 'களுக்' சுகத்தில் வேகமாக அழுத்தியிருப்பீர்கள். மெதுவாக நிமிர்த்துங்கள், உடைத்துவிடாதீர்கள்.

கோர்க்க வேண்டும் என்று வேண்டுமென்றேதான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால், "எனக்கெதுக்கு இந்த வம்பு" என்று சாதாரணமாக ஒன்றை வாங்கியிருப்பீர்கள்.

வேலை நிறைய வருகிறது. இப்போது ஒரு பெரிய கூட்டத்தின் ஒலிப்பதிவு. எல்லாரும் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள், ஒருவர் விடாமல் இருமுகிறார். கேட்டுக் கேட்டு அடிக்கிறேன். இங்கே வந்து சேர்ந்த ஆபீஸில் எனக்கு ஜன்னலோர மேஜை கொடுத்திருக்கிறார்கள். நான் அடிப்பதைப் பக்கத்து மேஜைப் பெண் வாயைப் பிளந்துகொண்டு பார்க்கிறாள். கொஞ்சம் கர்வமாகத்தான் இருக்கிறது, மறைப்பானேன்.

உங்கள் கடிதத்தை மூன்றாவது தடவையாகப் படித்தேன். ஜன்னல் பக்கம் நின்று பார்த்தீர்களாமே. என்னைக்கூட அப்படிப் பார்த்ததாக ஞாபகம் இல்லை.

வாயாடி


மார்ச் 14

வாயாடிக்கு,

கால்தான் மடங்கியிருந்தது! தையல் பிரிக்கும் இடுக்கியால் பிடித்து நிமிர்த்தினேன். நரம்பு தேடும் கைக்கு இதெல்லாம் ஒரு வேலையா? எழுத்து விழுந்ததும், "ஆகா!" என்று தனியாகக் கத்தினேன்.

வார்டில் இப்போது யாரும் சிரிப்பதில்லை. குறிப்பு அடித்து முடித்துவிட்டு மற்றவர்களுக்கும் அடித்துக் கொடுக்கிறேன்.

இத்துடன் ஒரு பார்சல் வரும். உனக்காக நானே கோர்த்தது. இதைப் பற்றிக் கொஞ்சம் பீற்றிக்கொள்ள அனுமதி கொடு. சுவிட்ச் ஒவ்வொன்றையும் பிரித்தேன். காயத்துக்கு மருந்து தடவுகிற மாதிரி மெல்லிய தூரிகையால் உள்ளே கிரீஸ் தடவி மூடினேன். ஸ்பேஸ்பாருக்கு அடியில் ஒரு கம்பி கடகடவென்று ஆடும், நீயே எரிந்து விழுவாயே, அதற்கு ஊசியைக் கழற்றிவிட்டு சிரிஞ்சால் இரண்டு பக்கமும் துளி வைத்தேன். தட்டுக்கு அடியில் பஞ்சு மெத்தை. உன் சுண்டுவிரல் வலிக்குமே, ஓரத்து விசைகளுக்கு மட்டும் இளகிய ஸ்பிரிங் போட்டிருக்கிறேன்.

சுவிட்ச் எல்லாம் சத்தமே போடாத வகை. காதை ஒட்டி வைத்து அடித்துப் பார்த்தேன், மூச்சுவிடும் சத்தம்கூட இல்லை. இனி என்ன பிரச்சினை? நீ பகல் முழுக்க அடி, நான் பகல் முழுக்கத் தூங்குகிறேன். அறைக்காரம்மாவிடம் காலி செய்கிறேன் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிடு.

நீ இல்லாத வீடு எனக்குப் பிடிக்கவில்லை. இதை எழுத இவ்வளவு பெரிய கீபோர்டுக் கதை தேவைப்பட்டது.

உன்,
தூங்குமூஞ்சி


மார்ச் 19

அன்புள்ள உங்களுக்கு,

பார்சல் வந்தது. முதலில் பாராட்டு, அதில் நான் கஞ்சத்தனம் செய்ய மாட்டேன். ஒரு சுவிட்சைப் பிரித்துப் பார்த்தேன். கிரீஸ் ஒரு பிசிறு கூடவுமில்லை, குறையவுமில்லை. எத்தனை வருஷமாக இதில் கிடக்கிறேன், என் கையில்கூட இந்தச் சுத்தம் வந்ததில்லை. ஸ்பேஸ்பார் வெண்ணெய் மாதிரி இறங்குகிறது. சுண்டுவிரல் வலியை நான் எப்போதோ ஒருமுறை சொன்னது. நினைவு வைத்திருக்கிறீர்கள். அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு அழுதேன்.

அழுது முடித்ததும் கோபம் வந்தது.

நான் வீட்டுக்கு வர வேண்டுமென்றால் ஓசைப்படாமல் வர வேண்டும், அப்படித்தானே? முன்பு என் கீபோர்டுக்கு அடியில் துண்டை மடித்துத் திணித்தீர்கள். இப்போது அதே துண்டை அழகாகச் செய்து அனுப்பியிருக்கிறீர்கள். எத்தனை அழகாகச் செய்தாலும் அது துண்டுதான்.

நான் போனது சத்தத்தால் இல்லை. உங்கள் அக்கா வந்திருந்தபோது, "இவ என்ன வேலையா செய்யுறா, நாள் முழுக்க டொக்கு டொக்குன்னு விளையாடிட்டிருக்கா" என்றீர்களே, அதனால் போனேன். நீங்கள் தூங்கினால் வீடே மூச்சடக்க வேண்டும், ஏனென்றால் உங்களுடையது வேலை. என்னுடையது விளையாட்டு.

எனக்கு அந்த டக் வேண்டும். காதில் அடுத்தவர் பேச்சு ஓடிக்கொண்டிருக்கும், கண் பாதி மூடியிருக்கும். எழுத்து விழுந்ததா என்பதை அந்தச் சத்தம்தான் விரல் வழியாக எனக்குச் சொல்லும். அது இல்லாமல் அடித்துப் பார்த்தேன். பாதி வரியில் நிற்கிறேன், திரும்பிப் பார்க்கிறேன். அருமையான சாமான், ஆனால் எனக்கானது இல்லை. தூங்குகிறவர்கள் நடுவில் உட்கார்ந்து அடிப்பவர் நீங்கள். உங்கள் வார்டுக்கு இதைவிடப் பொருத்தமானது கிடைக்காது. திருப்பி அனுப்புகிறேன், தப்பாக நினைக்காதீர்கள்.

மாத முடிவில் அறைக்காரம்மாவுக்குப் பதில் சொல்ல வேண்டும். இருக்கிறேன் என்றுதான் சொல்லப்போகிறேன்.

வாயாடி


மார்ச் 25

வாயாடிக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு எனக்கும் கோபம்தான் வந்தது. கஷ்டப்பட்டுச் செய்து அனுப்பினால் இப்படியா என்று யாரிடமாவது கத்தலாமென்றால் வீட்டில் ஆளில்லை. அதனால் நீ திருப்பி அனுப்பிய கீபோர்டை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனேன். ஹெட் நர்ஸ் அம்மா எட்டிப் பார்த்து, "இது வேலை செய்யுதா இல்லையா? சத்தத்தையே காணோமே" என்றார். நோயாளிகள் பாட்டுக்குத் தூங்கினார்கள். நீ சொன்னது சரி, அது அங்கே இருக்க வேண்டியது.

காலையில் வீட்டுக்கு வந்து வழக்கம்போல முன்னறையில் படுக்கப் போனேன். ஜன்னலை இழுத்து மூடினேன், கனத்த திரையை இழுத்துவிட்டேன். அப்போதுதான் உறைத்தது. இந்த வீட்டில் வெளிச்சம் வருகிற ஒரே அறை அது. அதை இருட்டாக்கி நான் தூங்குகிறேன். நீ இத்தனை வருஷமாகச் சமையலறை மேஜையில் பாத்திரங்களை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்து அடித்தாய். தூங்குகிறவனுக்கு எதற்கு ஜன்னல்?

தூக்கம் போய்விட்டது. பின்னால் தட்டுமுட்டுச் சாமான் போட்டு வைத்திருந்த அறையைக் காலி செய்தேன். என் கட்டிலை அங்கே இழுத்துப் போட்டேன். இழுத்ததில் முதுகு பிடித்துக்கொண்டது, அதை விடு. கதவு கனமான கதவு. அதையும் மீறிச் சத்தம் கேட்டால் கேட்கட்டும், வேலை நடக்கிற வீடு என்றால் சத்தம் இருக்கத்தான் செய்யும்.

முன்னறையில் திரையைக் கழற்றிவிட்டேன். ஜன்னலையொட்டி ஒரு மேஜை போட்டிருக்கிறேன். வேறெதுவும் வைக்கவில்லை, உன் சாமானை நீ வைத்துக்கொள்வாய். அக்கா நேற்று வந்தாள். "இதென்னடா, ரூமையே மாத்திட்ட?" என்றாள். "அவ வேலை செய்யுற ரூம்க்கா" என்றேன். அவள் காதில் விழவில்லையோ என்று இன்னொரு தடவையும் சொன்னேன்.

வந்துவிடு என்று போன கடிதத்தில் எழுதினேன். இந்தத் தடவை அப்படி எழுதப்போவதில்லை. உன் இஷ்டம். நீ அங்கேயே இருந்தாலும் இந்த அறை இப்படியேதான் இருக்கும், நான் பின்னாலேயே தூங்குகிறேன்.

உன்,
தூங்குமூஞ்சி


மார்ச் 29

என் தூங்குமூஞ்சிக்கு,

அறைக்காரம்மாவிடம் காலி செய்கிறேன் என்று சொல்லிவிட்டேன். "நல்லா யோசிச்சியாம்மா?" என்றார். "அவர் யோசிச்சுட்டார்" என்றேன்.

ஆபீஸில் வேலையை விடவில்லை. வீட்டிலிருந்தே செய்து அனுப்பச் சம்மதித்திருக்கிறார்கள். முதுகுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள், நர்ஸுக்கு நான் சொல்ல வேண்டியிருக்கிறது. நான் வருவதற்குள் வேறெதையும் இழுக்காதீர்கள், நகர்த்துவதானால் இரண்டு பேருமாக நகர்த்தலாம்.

வெள்ளிக்கிழமை நடுப்பகலில் வந்து சேர்வேன். நீங்கள் நல்ல தூக்கத்தில் இருப்பீர்கள். சாவி என்னிடம் இருக்கிறது. ஆனாலும் காலிங் பெல்லைத்தான் அடிப்பேன், நீங்கள் எழுந்து வந்து கதவைத் திறக்கிறவரைக்கும்.

உங்கள்,
வாயாடி