நேற்று இல்லாத கோடு

மார்ச் 4, செவ்வாய்

வேலையில் சேர்ந்து இரண்டாவது மாதம். இன்றும் எஃகுத் துண்டுகளை அறுத்து, கண்ணாடி மாதிரி தேய்த்து, நுண்ணோக்கியில் பார்ப்பதிலேயே பொழுது போனது. "உலோகவியல் படிச்சதே தேய்க்கத்தானா?" என்றாள் அம்மா. விமானத்துக்குப் போகிற பாகம்மா என்றேன். "அப்ப இன்னும் நல்லா தேய்."

மார்ச் 6, வியாழன்

ஆந்தையோடு இருட்டறையில் இருந்தேன். பரிசோதகர். பகலெல்லாம் இருட்டில் இருப்பதால் அந்தப் பெயர். அவரே தன்னை அப்படித்தான் சொல்லிக்கொள்கிறார். விமானத்தின் சக்கரக் காலைப் பிணைக்கும் பின்கள் வந்திருந்தன. முழங்கை நீள எஃகுத் தண்டுகள், முலாம் பூசியவை. காந்தமேற்றி, ஒளிரும் திரவம் ஊற்றி, ஊதா விளக்கில் காட்டினால் விரிசல் பச்சைக் கோடாக எரியும். ஒன்றிலும் இல்லை. நானும் கூடவே பார்த்தேன். பாதி, மதியமே லாரி ஏறிவிட்டது.

மார்ச் 7, வெள்ளி

எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். மீதிப் பின்கள் இருக்கும் அலமாரியிலிருந்து 'டிக்' என்று ஒரு சத்தம். யாரோ சொடக்குப் போட்ட மாதிரி. கிட்டே போனேன். ஒன்றுமில்லை. திரும்பி உட்கார்ந்ததும் இன்னொன்று.

எலியா? எலி இரும்பையா தின்னும்?

மார்ச் 10, திங்கள்

வாங்குகிற கம்பெனியின் ஆள் வந்து, மீதியிலிருந்து ஒன்றை மறுபடி காட்டச் சொன்னார். பச்சைக் கோடு. தலைமுடி அளவு. அடுத்ததிலும்.

ஆந்தை விளக்கைப் பிடித்தபடி அப்படியே நின்றார். "இல்லம்மா... இது அன்னிக்கு இல்ல. நீயும் பாத்தியே?"

நானும் பார்த்தேன், இல்லை என்றேன். ஆய்வகத் தலைவி மேடம் என் பக்கம் திரும்பினார். "நீ இங்க சேந்து எத்தன நாளாச்சு?"

ஆந்தையை நாளை முதல் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். டிபன் டப்பாவைக்கூட எடுக்காமல் போனார்.

மார்ச் 11, செவ்வாய்

அந்தச் சத்தம்! இவ்வளவு நேரமா உறைக்க?

முலாம் பூசும்போது ஹைட்ரஜன் எஃகுக்குள் புகுந்துவிடும். சில மணி நேரத்துக்குள் சூட்டடுப்பில் வைத்து வெளியேற்ற வேண்டும்; தாமதித்தால் சுட்டும் பயனில்லை. உள்ளேயே தங்கினால், சும்மா கிடக்கிற பாகம் தானாக விரிசல் விடும். பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன்.

முலாம் பகுதி ஃபோர்மேனிடம் ஓடினேன். "அடுப்பு அன்னிக்கு மக்கர் பண்ணுச்சும்மா. மறுநாள் வெச்சோம். சுட்டாச்சுல்ல, அப்புறம் என்ன?"

மார்ச் 12, புதன்

மேடத்திடம் கெஞ்சினேன். கோடே இல்லாத பின் ஒன்றை இருவரும் விளக்கில் பார்த்து, வெள்ளைத் துணி விரித்து மேசையில் வைத்தோம். கதவைச் சாத்தி, எதிரெதிரே உட்கார்ந்தோம்.

"இரும்பு பேசும்னு என்னை உக்கார வெச்சிருக்க." டீ ஆறிப்போயிற்று. எழுந்திருக்கப் போனார்.

டிக்.

யாரும் தொடவில்லை. மேடம் நாற்காலியை மெதுவாகப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார், மேசையில் ஏதோ உயிருள்ளது கிடப்பது போல.

மறுபடி காந்தமேற்றி, திரவம் ஊற்றி விளக்கில் காட்டினேன். நடுவில் பச்சையாக ஒரு கோடு.

மேடம் கேட்டது இதுதான்: "வியாழக்கெழம போனதெல்லாம் இப்ப எங்க இருக்கு?"

மார்ச் 13, வியாழன்

லாரியில் போன எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லி நேற்றே தகவல் போய்விட்டது. அந்தப் பின்னைப் பொருத்திய ஒரு விமானம் மட்டும் அப்போது வானத்தில். பழுது பார்த்தபின் சோதனை ஓட்டம், உள்ளே இரண்டு பேர். மேடம் போனைக் காதிலிருந்து எடுக்கவேயில்லை. நான் கழிவறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

பத்திரமாக இறங்கிவிட்டது. கொட்டகைக்குள் கொண்டுபோய் நிறுத்தி, இருவரும் இறங்கி நடந்து போனபிறகு அந்தப் பின் இரண்டாக உடைந்துவிட்டதாம். சும்மா நின்ற இடத்தில். பக்கத்தில் யாருமே இல்லை.

மார்ச் 14, வெள்ளி

வீட்டில் அம்மா கரண்டியைக் கீழே போட்டாள். நான் கத்திவிட்டேன்.

மார்ச் 31, திங்கள்

மேடமே வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டு, ஆந்தையை அழைத்து வந்தார். எல்லோரும் கைதட்டினோம். அவர் ஒரு பாகத்தை விளக்கில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டேயிருந்தார்.

"ஒண்ணும் இல்லதானே அண்ணே?"

"இப்ப இல்ல" என்றார். கையெழுத்துப் போடாமல் கீழே வைத்தார். வேறு பகுதிக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டார்.

இருட்டறை இனி எனக்கு. முதல் பாகத்தைக் காட்டினேன். கோடு இல்லை. விளக்கை அணைத்துவிட்டு, அதைக் காதோடு வைத்துக்கொண்டு நின்றேன்.