அறுபது மணி நேரம்

அன்பு மகளுக்கு,

நீ விடுதிக்குப் போய் மூன்று வாரம் ஆகிறது. பாடச்சுமையால்தான் போனை எடுப்பதில்லை என்று உன் அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

மாவட்ட அலுவலகத்தில் இளைஞர் சேவைப் பிரிவுக்கு நான்தான் தலைவன். "சேவை மனசுலேர்ந்து வரணும்" என்று உன் பள்ளியில் நாற்பது நிமிடம் பேசியபோது, முதியோர் இல்லத்தில் நீ அறுபது மணி நேரம் சேவை செய்ததாக அதன் நிர்வாகி கியூசிக் முத்திரை குத்திக் கொடுத்த சான்றிதழ், உன் பல்கலைக்கழக விண்ணப்பத்துக்காக, என் பையில் இருந்தது. அவன் கல்லூரியில் எனக்கு இளையவன், நான் கேட்டால் மறுக்க மாட்டான்.

"அந்த அறுபது மணி நேரமும் நான் எங்கப்பா இருந்தேன்?" என்று கேட்டாய்.

"கணக்கு டியூஷன்ல. எல்லா வீட்லயும் இப்படித்தான்."

வேண்டாம் என்றாய். நானே பள்ளியில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

மறுவாரம் கியூசிக் போன் செய்தான். "அண்ணே, உங்க பொண்ணு இங்க இல்லத்துல கிம்ச்சி ஊறுகாய்க்கு முட்டைக்கோஸ் கழுவ வந்து நிக்குது. உன் மணிநேரம் முடிஞ்சுபோச்சும்மா, இனி கம்ப்யூட்டர்ல ஏறாதுன்னேன். ஏறாட்டி போகட்டும், கோஸ் எங்கேன்னு கேக்குது."

அவனோடு சேர்ந்து நானும் சிரித்தேன்.

நேற்று பள்ளியில் உண்மையை எழுதிக் கொடுத்தேன். உன் பல்கலைக்கழக விண்ணப்பத்தை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். "என் மகளுக்கு எதுவும் தெரியாது" என்று முடித்திருந்தேன். துணை முதல்வர் படித்துவிட்டு, "பொண்ணு மேல எவ்வளவு பாசம்" என்றார். நான் தலைகுனிந்து ஏற்றுக்கொண்டேன்.

அது பாசமில்லை. பதினேழு வயதுப் பெண் வேண்டாம் என்றதை ஐம்பத்திரண்டு வயதில் செய்தேன் என்று எழுதக் கை வரவில்லை.

நாளை காலை போய் அந்த வரியை அடித்துவிட்டு, "என் மகள் மறுத்தாள்" என்று எழுதப்போகிறேன்.

அப்பா