நடு அறைக்குப் போகும் வயர்

லகாட், ஈப்போ.

அன்பு மகன் ஹாபிஸுக்கு அம்மா ஷம்சாத்தின் ஸலாம். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம், உன் சுகத்துக்குப் பதில் போடு என்றுதான் உன் அத்தா எந்தக் கடிதத்தையும் ஆரம்பிப்பார். நான் சுகமா இல்லையா என்பதை நீ இதை முழுசாகப் படித்துவிட்டு நீயே சொல்லு. மெல்பர்னில் குளிர் பிடித்துவிட்டதாக நூருல் ஹுதா சொன்னாள், காதை மூடிக்கொண்டு வெளியே போ, நான் சொல்வது எதுவும் அந்தக் காதில் ஏறாது என்றாலும் மூடிக்கொள். இதை ஏன் தாளில் எழுதுகிறேன் என்றால், வாட்ஸப்பில் எழுதினால் நீ கட்டை விரலைத் தூக்கிக் காட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவாய், தபாலில் வருவதை அப்படித் தள்ளிவிட முடியாது. முந்தாநாள் எனக்கு எழுதியிருந்தாயே, ஏம்மா இவ்ளோ டென்ஷன், ஒரு கேபிள்தானே, வயர்மேன் முன்னால எனக்கு அசிங்கமா போச்சு என்று. அசிங்கமாகப் போனதா? நல்லது, இன்னும் கொஞ்சம் போகட்டும். அது என்ன கேபிள் என்று தெரியாமலே நீ வெட்டச் சொன்னாய், அதைத் தெரிந்துகொள்ளத்தான் இந்தக் கடிதம்.

முதலில் வீட்டுச் செய்தியைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் அம்மா திட்டுவதற்கு மட்டும்தான் எழுதுகிறாள் என்பாய். உன் அக்கா நூருல் ஹுதா காலையில் வந்து எனக்குச் சாப்பாடு வைத்துவிட்டு நம் சிம்பாங் பூலாய் சாப்பாட்டுக் கடைக்கு ஓடுகிறாள். மாப்பிள்ளை ஷாஹ்ருல் ஒரு ஆளாகக் கல்லாவிலும் நின்று அடுப்பிலும் நிற்கிறார், அத்தா போட்ட மாதிரி தேத்தண்ணீர் அவருக்கு வரவில்லை, ஆட்கள் வாயால் சொல்லாவிட்டாலும் கிளாஸில் மிச்சம் வைத்துவிட்டுப் போகிறார்களாம். அவர்கள் மகள் நஜ்லா குர்ஆனில் கடைசி ஜுஸ்உவை முடித்துவிட்டாள், மாமா எப்போ வருவாரு என்று கேட்கிறாள், மாமாவுக்கு மீட்டிங் இருக்கு என்று சொல்லி வைத்திருக்கிறேன். பக்கத்து வீட்டு மாரியம்மாதான் எனக்கு இப்போது கையும் காலும், கேட்டுச் சாவி அவளிடம்தான் இருக்கிறது, கறிவேப்பிலை கொண்டுவருவதும் அவள்தான், குப்பையை எடுத்துப் போவதும் அவள்தான். அவள் நம் மார்க்கம் இல்லை, ஆனால் புருஷனை இழந்து நான்கு மாதம் பத்து நாள் இத்தாவில் இருக்கிறவள் அந்நிய ஆண்கள் கண்ணில் படக்கூடாது என்று தெரிந்து, தன் வீட்டுக்காரரைக்கூட கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டுத்தான் உள்ளே வருவாள். அவளுக்குத் தெரிந்தது என் வயிற்றில் பிறந்தவனுக்குத் தெரியவில்லை.

அத்தா மௌத்தான அன்று அஸர் தொழுகைக்கு முன்னால் அடக்கம் என்று ஜமாஅத்தில் முடிவானதும் நீ ஃபோனில் சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, எந்த பிளைட்டைப் பிடிச்சாலும் அடக்கத்துக்கு வந்து சேர முடியாதும்மா என்றாய். சரி, மையித்தை வைத்துக்கொண்டு காத்திருக்கக்கூடாது, அதில் உன்மேல் நான் ஒரு குறையும் சொல்லவில்லை. அதற்கு மறுநாள் பிளைட் இல்லையா? அடுத்த வாரம் இல்லையா? அடக்கம்தான் முடிந்துவிட்டதே, இனிமேல் போய் என்ன என்று நீயாகவே கணக்கை முடித்துக்கொண்டாய். கபர் எழுந்து ஓடியா போய்விடும்? அடக்கத்தோடு முடிந்தது அத்தா, நான் இங்கேதானே உட்கார்ந்திருக்கிறேன்? நாற்பதாம் ஃபாத்திஹாவுக்காவது வருவாய் என்று நூருல் ஹுதா உன் கட்டிலுக்கு உறை மாற்றி வைத்தாள், நான் மாற்றச் சொல்லவில்லை, அவளாகத்தான் மாற்றினாள். நீ வரவில்லை, ஒரு பேரீச்சம்பழப் பெட்டி வந்தது. அதைப் பிரிக்காமலே கடை ஆட்களுக்குக் கொடுத்தனுப்பிவிட்டேன்.

அப்புறம்தான் உனக்கு இந்த யோசனை வந்திருக்கிறது. அம்மா பாவம் ரூமுக்குள்ளேயே இருக்காங்க, போரடிக்கும், ஹால் டிவி லைனை அவங்க ரூமுக்கு இழுத்து ஒரு டிவி வச்சுக் குடுத்தா பொழுது போகும்லா என்று அக்காவிடம் சொன்னாயாம். இத்தா என்ன ஆஸ்பத்திரி வார்டா, கட்டிலுக்கு எதிரே டிவி மாட்டி வைப்பதற்கு? புருஷனைப் பறிகொடுத்தவள் அறையிலிருந்து பாட்டும் கூத்தும் கேட்டால் இந்தத் தாமான் வீடுகளில் என்ன பேசுவார்கள் என்று ஒரு நிமிஷம் யோசித்தாயா? எனக்குப் பொழுது போகவில்லை என்று உன்னிடம் யார் அழுதது? அதையும் என்னிடம் கேட்காமலே செய்தாய், கேட்டால் வேண்டாம் என்பேனாம், அதனால் நேரே போய்ப் போட்டுவிடுங்கள் என்று அந்த வயர்மேனிடம் சொல்லி வைத்திருக்கிறாய். பிள்ளை வளர்த்த லட்சணத்தைப் பார்.

அன்றைக்கு நூருல் ஹுதா கூட இருப்பதாகத்தான் ஏற்பாடு, ஆனால் கேமரன் மலைக்குப் போகிற பஸ் ஒன்று கடை வாசலில் நின்று ஆட்களை இறக்கிவிட்டதில் அவளால் கிளம்ப முடியவில்லை. வயர்மேன் வந்து நின்றதும் மாரியம்மா ஓடிவந்து, ஹாபிஸ் தம்பிதான் அனுப்பிச்சாருன்னு சொல்றாருக்கா, கேட்டைத் திறந்துட்டேன் என்றாள். நான் அறைக்குள் போய்த் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டேன். பெயர் விக்னேஸ்வரனாம், புந்தோங்காரர், மீசை நரைத்த மனுஷர், அவர்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. நீ தமிழில் பேசியும் என்னை மலாய்க்காரி என்று நினைத்துக்கொண்டார் போல, கதவுக்கு வெளியே நின்று மக்சிக், மாஃப் யா, மக்சிக் என்று மலாயில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே ஏணியை விரித்தார். உனக்கு ஃபோன் போட்டு ஸ்பீக்கரைத் திறந்து ஏணிப் படியில் வைத்துவிட்டு சிலிங்குக்குள் தலையை விட்டார். நீங்கள் இருவரும் பேசியது முழுக்க எனக்குக் கேட்டது. ஹால் டிவி டிகோடர் பின்னால ஏற்கெனவே ஒரு லைன் ஓடுதுலா சார், நடு ரூமுக்குப் போகுது, அங்க டிவியும் இல்ல ஆளும் இல்ல, அதையே கட் பண்ணி அம்மா ரூமுக்குத் திருப்பிட்டா வேலை சுலபம் என்றார் அவர். நீ என்ன சொன்னாய்? அது என்ன வயர்னு எனக்குத் தெரியாதுங்க, பழசா இருக்கும், வேண்டாததுன்னா வெட்டிருங்க என்றாய்.

அந்தச் சொல்லைக் கேட்ட பிறகு எனக்கு இத்தாவும் நினைவில்லை, தாழ்ப்பாளும் நினைவில்லை. தொழுகைத் துப்பட்டியை இழுத்து மூடிக்கொண்டு வெளியே வந்து ஏணிக்குக் கீழே நின்றேன். அந்த வயரைத் தொட்டீங்கன்னா கையை ஒடிச்சிருவேன், இறங்குங்க கீழே என்று கத்தினேன். ஐயோ தமிழாம்மா நீங்க என்று அந்த மனுஷர் பதறி இறங்கினார், கையில் கட்டர் அப்படியே இருந்தது. மாரியம்மா வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். நீ அந்தப் பக்கம் ஹலோ ஹலோ என்றாய், அப்புறம் வைத்துவிட்டாய். சாயங்காலம் உன் அக்கா வந்து, அந்நிய ஆம்பளை முன்னால இப்படியா வந்து நிப்பீங்கம்மா என்று என்னிடம் சண்டைக்கு நின்றாள். அந்நிய ஆம்பளையை இத்தா வீட்டுக்குள் அனுப்பினது யார் என்று போய் உன் தம்பியைக் கேள் என்றேன். அல்லாஹ்விடம் நான் பேசிக்கொள்கிறேன், அவனுக்குத் தெரியும் நான் எதற்காக வெளியே வந்தேன் என்று.

இப்போது கேள், உன் நடு அறைக்குப் போகும் அது என்ன வயர் என்று. போன தடவை நீ வந்திருந்தபோது ஒரு வார்த்தை சொன்னாய், ஹாலுல மேட்ச் பாக்க முடியலத்தா, நீங்க பேசிக்கிட்டே இருக்கீங்க, என் ரூமுல ஒரு டிவி இருந்தா படுத்துக்கிட்டே பாக்கலாம் என்று. நீ சொல்லிவிட்டு மறந்துவிட்டாய், உன் அத்தா மறக்கவில்லை. நோன்புப் பெருநாளுக்கு வருகிறேன் என்று நீ சொன்னதும், ஈப்போ டவுனுக்குப் போய் ஒரு சுருள் கறுப்பு வயரை வாங்கிக்கொண்டு வந்தார். வயர்மேனைக் கூப்பிடுவோம் என்றேன், எம் மவன் ரூமுக்கு நான் இழுக்கிறதுக்கு வயர்மேன் எதுக்கு என்றார். நோன்பு பிடித்துக்கொண்டு, அந்த முழங்காலை வைத்துக்கொண்டு, மாரியம்மா வீட்டு ஏணியில் ஏறி சிலிங்குக்குள் தலையை விட்டார், நான் ஏணிக் காலைப் பிடித்துக்கொண்டு வாய்க்கு வந்தபடி திட்டினேன். தொப்பியெல்லாம் ஒட்டடை. கடையிலிருந்த பழைய டிவியைக் கொண்டுவந்து உன் கட்டில்மேல் வைத்துவிட்டு என்னை அங்கே போய் நிற்கச் சொன்னார், அவர் ஹாலிலிருந்து வந்துச்சா என்பார், நான் இல்லை என்பேன், வந்துச்சா என்பார், போயிருச்சு என்பேன். கடைசியில் படம் வந்தது, மலாய்ச் செய்தி ஓடியது. அப்போதுதான் தெரிந்தது, ஹாலில் எது ஓடுகிறதோ அதுதான் உன் அறையிலும் ஓடும், தனியாகச் சேனல் மாற்ற முடியாது. இதுக்கா இவ்வளவு பாடு, அவன் ஹாலுக்கே வந்து பாக்கலாமே என்றேன். உன் கட்டிலில் உட்கார்ந்து வியர்வையைத் துடைத்துக்கொண்டே சொன்னார், பரவால்ல ஷம்சா, அவன் பாக்குற அதே மேட்சைத்தான் நானும் பாப்பேன், கோல் போட்டா அவன் அங்க கத்துவான், நான் இங்க கத்துவேன், நீ நடுவுல நின்னு ரெண்டு பேரையும் திட்டு என்று.

பழைய டிவியைத் திரும்பக் கடைக்கே கொண்டுபோய்விட்டார், பெருநாளுக்கு உனக்குப் புதுசு வாங்குவதாக இருந்தார். எறும்பு ஏறிவிடக்கூடாது என்று வயர் முனையில் பிளாஸ்டிக் பையைச் சுற்றி முடிச்சுப் போட்டு உன் அலமாரிக்குப் பின்னால் தொங்கவிட்டார். பெருநாளுக்கு ப்ராஜெக்ட் இருக்கிறது என்று நீ வரவில்லை. அடுத்த விடுமுறைக்கு வருவான் என்று அவர் எனக்கு ஆறுதல் சொன்னார், அந்த மாதமே போய்விட்டார். நான் இதை உன்னிடம் இதுவரை சொல்லவில்லை, ஏன் சொல்லவேண்டும், நீ வந்து கட்டிலில் படுத்து நீயாகப் பார்த்துத் தெரிந்துகொள்வாய் என்று இருந்தேன். அதைத்தான் நீ வேண்டாதது என்றாய்.

என் அறைக்கு வயர் வேண்டாம். சிலிங்கில் விக்னேஸ்வரன் திறந்த பலகை திறந்தபடியே இருக்கிறது, அம்மா சரின்னு சொன்னா ஒரு ஃபோன் போடுங்க, வந்து முடிச்சுத் தாரேன் என்று தன் நம்பரை மாரியம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். இத்தா முடிகிற அன்று நான் முதலில் போகப் போவது அத்தாவின் கபருக்கு. நீ வந்து கூட்டிக்கொண்டு போ. அதற்கு இன்னும் நாள் இருக்கிறது, பிளைட்டும் இருக்கிறது, அடக்கத்துக்கு நேரமாகிவிட்டது என்று இந்தத் தடவை சொல்ல முடியாது. நீ வராவிட்டால் மாப்பிள்ளை கூட்டிப் போவார். அப்படி அவரோடு போய்விட்டு வீடு திரும்பியதும் விக்னேஸ்வரனுக்கு நானே ஃபோன் போடுவேன். நடு அறை வயரை வெட்டி என் அறைக்குத் திருப்பச் சொல்வேன், ஏணியின் காலையும் நானே பிடித்துக்கொள்வேன். நீ ஆசைப்பட்டபடி கட்டிலில் உட்கார்ந்து டிவி பார்ப்பேன். அதன் பிறகு இந்த வீட்டில் உனக்கென்று இழுத்த வயர் எதுவும் இருக்காது.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் நல்ல சுகத்தையும் ஹலாலான சம்பாத்தியத்தையும் ரிஸ்கையும் கொடுக்கட்டும், கோபத்தில் எழுதினாலும் ஐந்து வேளையும் உனக்கு துஆ கேட்காமல் நான் பாயைச் சுருட்டுவதில்லை. இருமல் வந்தால் மாத்திரையை மட்டும் விழுங்காதே, இஞ்சி தட்டிப் போட்டுக் குடி. ஒன்றை மட்டும் மறக்காதே, அந்தப் பிளாஸ்டிக் பையில் இருப்பது உன் அத்தா போட்ட முடிச்சு, அதை உன்னைத் தவிர வேறு யாரையும் அவிழ்க்க விடமாட்டேன், நானும் அவிழ்க்கமாட்டேன்.

இப்படிக்கு,
ஏணிக் காலைப் பிடித்திருந்த உன் அம்மா,
ஷம்சாத் ஜைனுலாப்தீன்