அக்கா வீட்டு ஸ்டென்ட்

9 ஆகஸ்ட், சனி

பெக்கான் நானாஸிலிருந்து அக்காவும் அத்தானும் வந்திருந்தார்கள். சாப்பிட்டு முடித்ததும் என் வீட்டுக்காரர் ரத்தம் கட்டாமலிருக்கும் மாத்திரையை எடுத்தார். அக்கா சிரித்தாள்.

"இன்னுமா? எங்க வீட்டுக்காரரு ஒரே மாசத்துல நிறுத்திட்டாரு லா."

இவர் மாத்திரையைத் தட்டிலேயே வைத்துவிட்டார். "சகலைக்கு வேணாம், எனக்கு மட்டும் எதுக்கு?"

அத்தானின் இதய ரத்தக்குழாயை அடைக்காமல் விரித்து வைத்திருப்பது வெறும் உலோக ஸ்டென்ட். அதன்மேல் சதை சீக்கிரம் மூடிவிடும். இவருடையது மருந்து பூசியது, மெதுவாகத்தான் மூடும். அதுவரை மாத்திரையை விட்டால் உள்ளேயே ரத்தம் கட்டி அடைத்துவிடும். கெஞ்சாத குறையாகச் சொல்லி விழுங்க வைத்தேன்.

வெறும் உலோகத்தில் சதை அதிகமாக வளர்ந்து மறுபடி அடைக்கவும் கூடும் என்று டாக்டர் சொன்னதைச் சொல்லவில்லை. ஆனால் அக்கா சிரித்தபோது அதைத்தான் நினைத்தேன். நினைக்கச் சுகமாக இருந்தது.

"நீ ரொம்பப் பயப்படுறடீ," என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினாள். இந்நேரம் நன்றாகத் தூங்கிக்கொண்டிருப்பாள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் தூங்கினேன். இப்போது இவர் மூச்சைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

"லைட்ட அணைம்மா," என்கிறார். அவரும் தூங்கவில்லை போலிருக்கிறது.