கட்டங்களுக்கு நடுவே இருந்த மூன்று

அனுப்புநர்:
திருமதி ஏ. ஞானம்மாள் (வயது 74),
காலஞ்சென்ற திரு. ஏசுபாதம் அவர்களின் மனைவி,
ஓய்வுபெற்ற தந்திப் பணியாளர்,
கிழக்குக் கடற்கரைச் சாலை,
திருவிடந்தை.

பெறுநர்:
நிலைய அலுவலர் அவர்கள்,
கடலோரக் குறுஞ்செய்தி நிலையம்,
செங்கல்பட்டு.

பொருள்: மீனவர்களுக்கான காற்று எச்சரிக்கைக் குறுஞ்செய்தி – தமிழ் எழுத்தில் அனுப்புவதால் படிக்க இயலாமை – அம்முறைக்குக் காரணமான எனது மனுவை நானே திரும்பப் பெறுதல் – பருவமழை தொடங்குமுன் பழைய முறையை மீட்டுத் தரக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. எனது மனு, நாள் 12.3.2007.
2. தங்கள் நிலைய ஆணை, நாள் 4.6.2007.
3. குப்பத்து மக்களுக்குத் தாங்கள் அனுப்பிய பதில், நாள் 8.9.2008.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் செங்கல்பட்டில் கான்வென்ட் பள்ளியில் படித்து, தந்திப் பிரிவில் முப்பத்திரண்டு ஆண்டுகள் பணியாற்றியவள். என் கை வழியாகச் சென்ற தந்திகளில் ஒரு சொல் கூடியதாகவோ குறைந்ததாகவோ புகார் வந்ததில்லை. திருவிடந்தைக் குப்பத்தில் அண்மைக்காலம் வரை என்னைத் தந்தியம்மா என்றே அழைத்துவந்தார்கள். ‘வந்தார்கள்’ என்று இறந்த காலத்தில் எழுதுவதன் காரணம் கீழே வரும்.

2. எனக்கு மீன் கொண்டுவரும் காசியம்மாள், சென்ற ஆண்டு மார்ச் மாதம் தன் கைபேசிக்குத் தங்கள் நிலையத்திலிருந்து வந்த ஒரு செய்தியைக் காட்டினாள். தமிழை ஆங்கில எழுத்தில் அடித்திருந்தார்கள். வாசகம் இது: “அண்ணாத்த, நாளிக்கு கடலு பேஜாரு. காத்து 3ஆம் நம்பரு. போவாத, வூட்ல குந்து.” அரசு சார்ந்த நிலையம் ஒன்று இப்படிப் பேசலாமா என்று எனக்கு உடம்பு கூசியது. நான்கு பக்கத்தில் மனு எழுதினேன். அதிலும் அதற்கு முன் வந்த செய்திகளிலும் இருந்த அண்ணாத்த, பேஜார், குந்து, நாஸ்தா, நைனா, டப்பு முதலிய பதினொரு சொற்களைச் சிவப்பு மையால் அடிக்கோடிட்டு இணைத்தேன். இனி தமிழ் எழுத்தில், தூய நடையில் அனுப்ப வேண்டும் என்று கோரி, மாதிரி வாசகம் ஒன்றையும் எழுதிக் கொடுத்தேன். அது பின்வருமாறு:

“வங்கக் கடலில் உருவாகியுள்ள காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் காரணமாக 3ஆம் எண் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டுள்ளதால், மீனவர்கள் மறு அறிவிப்பு வரும் வரை கடலுக்குச் செல்ல வேண்டாம் எனக் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.”

தாங்கள் அதை ஒரு புள்ளிகூட மாற்றாமல் ஏற்றுக்கொண்டு ஆணை பிறப்பித்தீர்கள். அந்த ஆணையின் நகலை நான் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தேன்.

3. 22.11.2007 வியாழக்கிழமை காலை ஒன்பது மணி இருக்கும். காசியம்மாள் கூடையை இறக்கிவைத்துவிட்டுக் கைபேசியை நீட்டினாள். அவள் சொன்னதை அப்படியே பதிவு செய்கிறேன்: “யம்மா, இது இன்னான்னு பாரேன். திருப்பியும் வெறும் கட்டம் கட்டமா கீது. எங்கூட்டுக்காரு மத்தியானம் கடலுக்குப் போறாரு.” திரை முழுவதும் சிறு சிறு கட்டங்கள். அவற்றின் நடுவே 3 என்ற எண் மட்டும் பளிச்சென்று இருந்தது. நான் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். ஏதோ குலுக்கல் பரிசு விளம்பரம் என்றேன். உன் கருவி பழசு, வேறு வாங்கு என்றும் சொன்னேன். சங்கரா மீன் அரைக் கிலோ எடுத்துக்கொண்டு கதவைச் சாத்தினேன்.

4. அவளுடைய கணவர் ஜானகிராமனும் அவர் தம்பியும் அன்று பிற்பகல் ஃபைபர் படகில் போனார்கள். படகு கவிழ்ந்தது. பத்தொன்பது மணி நேரம் கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொண்டு கிடந்தவர்களைச் சதுரங்கப்பட்டினத்துக்கு நேரே வேறு ஊர்ப் படகுக்காரர்கள் தூக்கினார்கள். இருவரும் பிழைத்தார்கள். ஜானகிராமனின் வலது தோள் வலை இழுக்க இனி உதவாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். செங்கல்பட்டு மருத்துவமனையில் அவரைப் பார்க்கப் போனேன். அவர் என்னைத் தேற்றினார்: “வுடு யம்மா. படிச்ச உனுக்கே கட்டமா தெரிஞ்சா நாங்க இன்னா பண்றது?” பழிப்பாகச் சொன்னாரா, அன்பாகச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

5. அந்தக் கட்டங்கள் என்ன என்று தெரிந்துகொள்ள, டிசம்பரில் காசியம்மாளின் கைபேசியோடு தங்கள் நிலையத்துக்கு வந்தேன். கோப்புகளைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறிய ஒரு பெண்தான் நின்று பதில் சொன்னார். பெயர் பொன்னி, தற்காலிகப் பணியாளர். பழைய செய்திகளை எழுதியவர் அவர்தான் என்பது பேச்சில் தெரியவந்தது. என்னை யாரென்று அறியாமல் அவர் சிரித்துக்கொண்டே சொன்னது: “யாரோ ஒரு பெரியம்மா மனு போட்டாங்களாம். என் பேச்சு மட்டமாம். செரிதான்னு ஃபைல் தூக்கிகினு கீறேன்.”

6. அவர் விளக்கியதை, தந்தி அடித்தவள் என்பதால் என்னால் உடனே புரிந்துகொள்ள முடிந்தது. தாங்களும் புரிந்துகொள்ளும் பொருட்டு எழுதுகிறேன். தந்தியில் புள்ளியும் கோடும் போல, கைபேசியில் ஒன்றும் சுழியும். ஒரு குறுஞ்செய்தியில் 1120 இடங்கள் உண்டு. ஆங்கில எழுத்துக்கு ஏழு இடம் போதும். ஆகவே 160 எழுத்து போகும். தமிழ்க் குறிக்குப் பதினாறு இடம் வேண்டும். ஆகவே எழுபதுதான் போகும். அதிலும் நாம் ஓர் எழுத்து என்று காண்பதைக் கருவி ஒன்றாக எண்ணுவதில்லை. ‘வேண்டாம்’ என்பது நமக்கு நான்கு எழுத்து, கருவிக்கு எட்டு. எழுபதைத் தாண்டினால் செய்தி துண்டாகும். துண்டுகளுக்கு வரிசை எண் போட இடம் விட வேண்டியிருப்பதால் துண்டுக்கு 67தான். இவ்வளவும் போய்ச் சேர்ந்தாலும், தமிழ் எழுத்துரு இல்லாத கைபேசியில் ஒவ்வொரு குறிக்கும் ஒரு கட்டம்தான் தெரியும். எண்கள் மட்டும் எல்லாக் கைபேசியிலும் எண்களாகவே தெரியும்.

7. வீட்டுக்கு வந்து எனது மாதிரி வாசகத்தைப் பென்சிலால் புள்ளி வைத்து எண்ணினேன். 205 குறிகள். நான்கு துண்டுகள். ‘செல்ல வேண்டாம்’ என்ற இரண்டு சொற்கள் மூன்றாம் துண்டில் இருக்கின்றன. நான்காம் துண்டில் ‘கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்’ என்பதன் கடைசியில் உள்ள ‘கள்’ என்ற மரியாதையும் ஒரு முற்றுப்புள்ளியும் மட்டுமே போகின்றன. அன்று காலை காசியம்மாளுக்கு வந்திருந்தது முதல் துண்டு. ‘காரணமாக 3ஆம்’ என்பதோடு அது முடிகிறது. பொன்னியின் வாசகம் எண்பது எழுத்துக்குள் ஒரே செய்தியாகப் போயிருக்கும். சொல்லுக்குச் சொல் காசு வாங்கிய தந்தியில் ஏழைகளுக்காக ஒவ்வொரு சொல்லாகக் குறைத்துக் கொடுத்தவள் நான்.

8. உடனே என் மனுவைத் திரும்பப் பெற்றிருக்க வேண்டும். பெறவில்லை. குற்றம் கைபேசி செய்தவர்களுடையது என்று எனக்கு நானே ஒன்பது மாதம் சொல்லிக்கொண்டிருந்தேன். சட்டம் போட்ட ஆணையைச் சுவரிலிருந்து கழற்றியது மட்டுமே நான் செய்தது.

9. இதனிடையே, நான் அடிக்கோடிட்ட சொற்களை அகராதிகளில் தேடினேன். பேஜார் என்பது உருது வழியாக வந்தது. மூலப் பொருள் மனம் சலித்துப்போன நிலை. நாஸ்தாவும் உருது. நைனா, டப்பு இரண்டும் தெலுங்கு. இவை இழிந்த சொற்கள் என்று எழுதியிருந்தேன். ஆனால் நான் முப்பத்திரண்டு ஆண்டு உச்சரித்த தபாலும் ரசீதும் வெளியிலிருந்து வந்தவைதாம். அவற்றின் மேல் எவரும் மனுப் போடவில்லை. தமிழ்த் துக்கச் செய்திகளை ஆங்கில எழுத்தில் நானே நூற்றுக்கணக்கில் அடித்திருக்கிறேன். அப்போது தமிழ் கெட்டுவிட்டதாக எனக்குத் தோன்றவில்லை. சலிப்பைச் சொல்ல இன்று எனக்கு எத்தனையோ தூய சொற்கள் தெரியும். அவற்றில் எதுவும் பேஜார் அளவுக்கு என் நிலையைச் சரியாகச் சொல்லவில்லை.

10. தங்கள் ஆணைக்குப் பிறகு ஒரு புதுச் சொல்லும் பிறந்திருக்கிறது. அதன் வரலாற்றைக் காசியம்மாள் கூறியபடி தருகிறேன்: “மொதல்ல ரெண்டு வாட்டி கட்டம் வந்திச்சி, காத்தும் வந்திச்சி. செரி, கட்டம்னா காத்துன்னு வெச்சிகினோம். அப்பால ஒரு வாட்டி வந்திச்சி, காத்தே இல்ல. ஊரே கரையில குந்திகினு இருந்ததுதான் மிச்சம். அதுக்கப்பறம் எவன் நம்புவான்?” காற்றில்லாமல் வந்த அந்தக் கட்டங்கள் தங்கள் நிலையத்தின் சென்ற ஆண்டுச் சுதந்திர தின வாழ்த்து என்று பொன்னி சொல்லித் தெரிந்துகொண்டேன். படிக்கத் தெரியாத செய்தியைக்கூட ஓர் அடையாளமாக்கிப் பிழைக்க வழி கண்டவர்கள் அம்மக்கள். அந்த வழியையும் நாம் வாழ்த்தால் அடைத்தோம்.

இப்போது மீன் ஏலம் விடும் இடத்தில், “ரோடு போட்றேன்னு சொன்னாங்களே, இன்னாச்சி?” என்று ஒருவர் கேட்டால், “கட்டம்” என்று மற்றவர் சொல்கிறார். “நாளிக்கு வர்றேன்னு கட்டம் வுடாத மச்சான்” என்றும் கேட்டேன். சொல்லுக்குப் பொருள்: வந்து சேர்ந்தும் ஒன்றும் சொல்லாதது. பிறந்த இடம்: திருவிடந்தைக் கடற்கரை. ஆண்டு: 2007. காரணம்: கீழே கையொப்பமிட்டவர்.

11. பழைய முறையில் செய்தி வேண்டும் என்று குப்பத்து மக்கள் சென்ற ஜனவரியில் மனுக் கொடுத்தார்கள். இம்மாதம் எட்டாம் தேதி பதில் அனுப்பியிருக்கிறீர்கள். பொதுமக்களில் ஒருவரின் மனுவின்பேரில் பிறப்பித்த ஆணையை, அம்மனுதாரர் திரும்பப் பெறாத நிலையில் மாற்ற வழியில்லை என்கிறது அது. அக்கடிதத்தைப் படித்துச் சொல்லும்படி காசியம்மாள் என்னிடமே கொண்டுவந்தாள். படித்தேன். “யாரும்மா அந்த மனுக்காரி?” என்று கேட்டாள். அன்று கடிதத்தை மடித்துக் கொடுத்து அனுப்பிவிட்டேன். மறுநாள் சொன்னேன். கூடையைக் கீழே வைக்காமல் நின்றபடியே கேட்டாள். பிறகு சொன்னாள்: “நீதானே எழுதின. நீயே அழிச்சிடு.” அன்று மீன் தராமல் போய்விட்டாள். அதற்குப் பிறகு குப்பத்தில் என் பெயர் கட்டத்தம்மா.

12. ஆகவே, ஐயா, 12.3.2007 நாளிட்ட எனது மனுவை இதன் மூலம் முழுமையாகத் திரும்பப் பெறுகிறேன். ஜானகிராமன் இனி கடலுக்குப் போக மாட்டார். ஆனால் அவர் தம்பி போகிறார்; அவர் மருமகன் போகிறார். வடகிழக்குப் பருவமழைக்கு இன்னும் நான்கு வாரம்கூட இல்லை. அதற்குள் கீழ்க்கண்டவற்றைச் செய்து தருமாறு பணிந்து கேட்கிறேன்.

அ) எச்சரிக்கையின் முதல் குறியாகக் கூண்டு எண் வர வேண்டும், சொல் அதற்குப் பின்னால் வரட்டும். தந்தியில் திருமண வாழ்த்துகளுக்கு எண்கள் வைத்திருந்தோம். எண்ணை மட்டும் அனுப்பினால் அடுத்த முனையில் வாழ்த்தாக எழுதிக் கொடுப்பார்கள். ஒரு நாளும் தவறியதில்லை. மூன்றாம் எண் கூண்டு என்றால் என்ன என்று கடற்கரையில் குழந்தைக்கும் தெரியும். தெரியாமல் போனது எனக்குத்தான்.

ஆ) அதன்பின் வரும் சொற்கள் ஆங்கில எழுத்தில், ஒரே செய்திக்குள், அம்மக்களின் பேச்சில் இருக்கட்டும். எல்லாக் கைபேசியிலும் தமிழ் எழுத்து தெரியும் நாள் வரும். அன்று மாற்றிக்கொள்ளலாம்.

இ) அந்த எழுத்துப் பணியைப் பொன்னியிடமே திரும்ப ஒப்படைக்க வேண்டும். யாரென்று அறியாமலே அவர் பேச்சு மட்டம் என்று முதல் மனுவில் நான் எழுதிய மூன்றாம் பக்கத்தைக் கோப்பிலிருந்து நீக்க வேண்டும். நீக்க விதி இடம் தராவிட்டால், அதன்மேல் ‘தவறு’ என்று என் கையால் எழுதிக் கையொப்பமிட நேரில் வருகிறேன்.

ஈ) எச்சரிக்கை வரும் எண்ணிலிருந்து வாழ்த்துகளோ முகாம் அறிவிப்புகளோ அனுப்பக் கூடாது.

13. இம்மனுவுக்கான பதிலை எனக்கு அனுப்ப வேண்டாம். பொன்னி எழுத, காசியம்மாளின் கைபேசிக்கு அது போகட்டும். அதை எடுத்துக்கொண்டு அவள் என் வாசலுக்கு வந்து “இது இன்னான்னு பாரேன்” என்று கேட்காவிட்டால், மனு ஏற்கப்பட்டது என்று எடுத்துக்கொள்வேன்.

இடம்: திருவிடந்தை
நாள்: 22.9.2008

இரண்டு மனுக்களிலும் கையொப்பமிட்ட,
ஏ. ஞானம்மாள்

இணைப்பு: 1. குறிகள் எண்ணிய தாள். 2. தங்கள் 4.6.2007 ஆணையின் நகல் (சட்டத்திலிருந்து எடுத்தது).