உன் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர்

நீ செத்துப்போன முப்பத்தோராம் நாள், கொழும்புத்துறையில் உன் வீட்டில் நடந்த அந்தியேட்டிச் சாப்பாட்டில் எனக்கு வைத்த தண்ணீர் உப்புக் கரித்தது. ஒரு மிடறு குடித்தவுடனேயே என் நாக்கு கணக்குப் போடத் தொடங்கிவிட்டது. பழைய பழக்கம்.

கிணறுகளில் உப்பு ஏறுவதை அளக்க வலிகாமம் முழுக்க நாம் ஸ்கூட்டரில் திரிந்த காலத்தில், உப்பு மீட்டரைத் தண்ணீரில் போடுமுன் இரண்டு பேரும் ஒரு சொட்டை நாக்கில் வைத்து ஆளுக்கொரு எண் சொல்லுவோம். தோற்றவள் கடையில் றோல்ஸ் வாங்கித் தரவேண்டும். பெரும்பாலும் நீதான் வாங்கினாய். "உன்ரை நாக்கு இருக்கேக்கை உந்த மீட்டர் என்னத்துக்கடி?" என்பாய்.

அந்தச் சாப்பாட்டில் எனக்குப் பக்கத்தில் இருந்தவர் பல்கலைக்கழகத்தில் நம் பழைய துறைத் தலைவர். உன்னைப் புகழ்வதாக நினைத்துக்கொண்டு பழைய கதை ஒன்றை எடுத்தார். ஆராய்ச்சிப் பதவி ஒன்றே ஒன்று வந்தபோது, என்னைப் பற்றி உன்னிடம் விசாரித்தாராம். "அவளுக்கு ஆராய்ச்சி சரிவராது சேர். மற்றவைக்கு ஒழுங்குசெய்து குடுக்கிறதிலைதான் கெட்டிக்காரி" என்றாயாம். எவ்வளவு சரியாகச் சொல்லியிருக்கிறாய் என்று சிரித்தார்.

அடி பாவி. அந்தப் பதவி உனக்குக் கிடைத்த அன்று பின்னேரம் என் வீட்டுக்கு வந்து, என் கட்டிலில் இருந்து என்னோடு சேர்ந்து அழுதாயே. "அவங்களுக்கு உன்னை விளங்கேல்லை" என்றாயே. அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் நான் எழும்பினேன். பிறகு யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், நம் பல்கலைக்கழக வளாகத்திலேயே ஆய்வு உதவிப் பிரிவில் சேர்ந்தேன். இரசாயனம் வாங்குவது, கருவி திருத்துவிப்பது, வாகனம் பிடிப்பது. உன் களப் பயணங்களுக்கும் நான்தான் வாகனம் பிடித்தேன். தொப்பி எடுத்தாயோ என்றுகூடக் கேட்டு அனுப்பினேன். மடைச்சி நான்.

எனக்கு இன்னும் எரிகிற இடம் வேறு. இந்த வேலை எனக்குப் பிடித்துப்போய்விட்டது. பழுதான கருவி மறுபடி ஓடி, யாரோ ஒருவரின் ஆய்வு நின்றுபோகாமல் நடக்கும்போது வருகிற சந்தோசம் பொய்யில்லை. அதை நானாகத் தேடிக்கொண்டேன் என்று இத்தனை காலம் பெருமைப்பட்டேன். அதிலும் உன் கை இருக்கிறது. முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால் சண்டை பிடித்திருப்பேன், ஒருவேளை ஒத்துக்கொண்டும் இருப்பேன். இப்போது யாரோடு சண்டை பிடிக்க?

வெளிக்கிடும்போது உன் அம்மா வாசல்வரை வந்தார். "கிணத்துத் தண்ணி ஒரு மாதிரிக் கிடக்கு பிள்ளை. ஆரையும் அனுப்பிப் பார்க்கேலுமே?"

வழக்கம்போல் ஆள் ஒழுங்குசெய்து அனுப்பியிருக்கலாம். "நானே வாறன் அம்மா" என்றேன்.

நாளைக்கு மீட்டரோடு உன் வீட்டுக்குப் போகிறேன். முதலில் ஒரு சொட்டை நாக்கில் வைத்து, வாய்விட்டு எண் சொல்லுவேன். சரியோ பிழையோ என்று மீட்டரைக் கேட்டுக்கொள்கிறேன். உன்னைக் கேட்டது போதும்.